கிராக் சீனி

தேவராஜ மொஹல்லாவில் சீனிவாசனின் கம்ப்யூட்டர் கடைக்குள் போலீஸ் நுழைந்ததும், பாதி மார்க்கெட் வாசலில் திரண்டுவிட்டது.

“தங்கமான மனுசன் சார்! பெரிய கம்பெனிக்காரன்கிட்ட திருடி எங்களுக்குக் கால் விலைக்குத் தர்றான். அவனைப் போய்ப் புடிக்கிறீங்களே!” என்று கத்தினாள் பூக்கடை சித்தம்மா. அவள் கடையில் பில் போடும் சாஃப்ட்வேர்கூட சீனி போட்டுக் கொடுத்ததுதான்.

சைபர் பிரிவிலிருந்து வந்திருந்த காவேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனுக்கு இத்தனை வக்கீலா? காலேஜில் எவனோ போட்டுக் கொடுத்த திருட்டு சாஃப்ட்வேரால்தான் அவள் ப்ராஜெக்ட் மொத்தமும் வைரஸில் போனது.

கடையின் ஹார்ட் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் இணைத்தாள்.

“அது எதுக்கு மேடம்?” சீனிவாசன் குறுக்கே வந்தான்.

“ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஹாஷ்னு பேரு. நீ ஃபைல் பேரை எப்படி மாத்தினாலும் அது மாறாது. தெரிஞ்ச சாஃப்ட்வேரோட நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்கு. எது யாரோடதுன்னு இப்பச் சொல்லிடும்.”

“எதுக்கு வீண் சிரமம்? நான்தான் ஒத்துக்கறேனே! எல்லாம் திருட்டு. எங்கே கையெழுத்து போடணும்?”

எஸ்.ஐ. மஞ்சுநாத்துக்கு ஒரே சந்தோஷம். “நோடி, பாருங்க மேடம், எவ்வளவு நல்லவன்! எழுதிக்கிட்டுக் கிளம்பலாம், ஊட்டா டைம் ஆச்சு, பசிக்குது.”

“சும்மா இருங்க சார்.” அடிக்காமல், மிரட்டாமல் எவனாவது ஜெயிலுக்கு அவசரப்படுவானா? இதைவிடப் பெரிசாக எதையோ மறைக்கிறான். கடைக்காரர்களின் பேங்க் பாஸ்வேர்டைத் திருடுகிற வைரஸாகத்தான் இருக்கும்.

“வேணாம் மேடம்!” சீனிவாசன் லேப்டாப்பை மூடப் பார்த்தான். காவேரி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

திரையில் எண்கள் வரிசை வரிசையாக ஓடி நின்றன. பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வைரஸும் இல்லை, திருட்டும் இல்லை சார். ‘கிராக்’னு, பூட்டை உடைச்சுத் திருடின மாதிரி, இவன் பேர் போட்டு வெச்ச ஒவ்வொண்ணும், யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கங்கன்னு செஞ்சவங்களே நெட்டில் விட்டது. உள்ளே ஒரு புள்ளிகூட மாறலை. சீனிவாசன், உன்மேல கேஸ் இல்லை, நாங்க கிளம்பறோம்.”

சீனிவாசன் பாய்ந்துபோய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான்.

“மெதுவாப் பேசுங்க மேடம்! ஓசிச் சரக்குக்கு இத்தனை வருசமா காசு வாங்கினேன்னு வெளியே நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டாங்க, தயவுசெஞ்சு திருடன்னே கூட்டிட்டுப் போங்க!”