பார்க்கிங்குக்குப் போகிறாளாம் மேனுஷா

"மேனுஷா பார்க்கிங் அணிக்குப் போறாளாம் அக்கா. கேள்விப்பட்டனீங்களோ?"

மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த டொலறஸ் கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையில் போடாமல் நிமிர்ந்தாள். கேட்டவர் கடைக்காரர் சந்திரகுமார். லண்டனில் மிச்சம் என்கிற ஊர்த் தமிழ்ப் பெண்களின் வலைப்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். பார்க்கிங்கும் எட்மண்டனும் அதே நகரத்தின் வேறு ஊர்கள்; அங்கேயும் இப்படி அணிகள் இருந்தன.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை எண்டு கேளுங்கோ. அவள் மட்டுமில்லை. கஜந்தினியை எட்மண்டன் கேக்குதாம். பதிலுக்கு ரெண்டு இடமும் ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தருவினமாம்."

டொலறஸுக்கு நாற்பத்தெட்டு வயது. பஸ் ஓட்டுகிறவள். மன்னாரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வருடம் வலைப்பந்து பழக்கியவள். போன பருவத்தில் பதினொரு ஆட்டத்தில் பத்துத் தோல்வி. வென்ற ஒன்றும் எதிரணி வந்த வான் வண்டி வழியில் நின்றுபோனதால் கிடைத்தது.

"எட்மண்டன் கஜந்தினியைக் கேக்காது," என்றாள். "அவையிட்ட பின்னுக்கு நிண்டு மறிக்க ஏற்கெனவே மூண்டு பேர் இருக்கினம். அது சும்மா கதை."

"அப்ப பார்க்கிங்?"

பார்க்கிங் அணிக்குக் கோல் போடுகிற பிள்ளை கல்யாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். மேனுஷாவுக்கு வேலையும் அந்தப் பக்கம்தான். யோசித்துப் பார்த்தால் நடக்கக்கூடிய கதை.

"போனால்தான் என்ன அக்கா? கடைசியில நிக்கிற ரீமில நல்ல பிள்ளை ஏன் கிடந்து மாயவேணும்?"

"ஒருத்தி போனால் மற்றதுகளும் பின்னால போகும். ஏழு பேர் இல்லாட்டி லீக்கில இருந்து பேரை வெட்டிப்போடுவினம். அணி மாற நிரப்புற போம் குடுக்கிற கடைசி நாள் எப்ப?"

"வாற வெள்ளி."

கடை வாசலில் நின்றபடியே கத்தரினுக்குப் போன் அடித்தாள். கத்தரின் பார்க்கிங் அணியின் பயிற்சியாளர். டொலறஸோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"கத்தரின், நேரடியாக் கேக்கிறன். மேனுஷாவை எடுக்கிறியோ?"

"வாற பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லுவனோ? அது சரி, உனக்கென்ன வந்தது?"

"எனக்கென்ன வந்ததோ? நான் வளத்த பிள்ளையடி அது."

"அப்ப வந்து பிடிச்சு வையன் பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கத்தரின் வைத்துவிட்டாள்.

டொலறஸ் கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்குப் போனாள்.

பின்னேரம் முழுக்கக் குசினி மேசையில் தாளும் பேனையுமாக இருந்தாள். தோற்ற பத்து ஆட்டத்தையும் ஒவ்வொன்றாக நினைவில் ஓடவிட்டாள். எல்லாரும் மேனுஷாவைத்தான் குறை சொன்னார்கள். கோல் விழவில்லை என்றார்கள். ஆனால் மேனுஷாவின் கைக்கு எத்தனை பந்து போனது? எண்ணிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. பந்தை மறித்துப் பிடிப்பவள் கஜந்தினி. பிடித்ததை நடுவில் வாங்கிக் கொண்டுபோக ஆளில்லை. வேகக்காரியான கஜந்தினியைப் பின்னுக்கு நிறுத்தியது யார்? டொலறஸேதான்.

"இப்ப ஏன் இதெல்லாம் கீறிக்கொண்டு இருக்கிறீர்?" என்று கேட்டார் கணவர் கிறிஸ்துராஜா.

"பிழை எங்கையெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"கண்டுபிடிச்சு?"

"நாளைக்குப் பூசை முடிய நீங்கள் தனியா வீட்டை போங்கோ. எனக்கு ஒரு அலுவல் இருக்கு."

ஞாயிறு பதினொரு மணிக்கு, பிள்ளைகள் பயிற்சிக்குக் கூடுகிற விளையாட்டு மண்டபத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது பிள்ளைகளும் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கதை நின்றது.

"போறவையைக் காலில விழுந்து மறிக்க நான் வரேல்லை," என்றாள் டொலறஸ். "போறதெண்டால் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ. ஆனா முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பத்து மட்ச் தோத்தது மேனுஷாவால இல்லை. அவளுக்குப் பந்தே போகேல்லை. கஜந்தினியைப் பின்னுக்கு விட்டது என்ர பிழை. இண்டையில இருந்து அவள் நடுவில நிப்பாள். கிழமையில ரெண்டு நாள் பயிற்சி, செவ்வாயும் வியாழனும். நான் ஷிப்டை மாத்தித் தரச்சொல்லி டிப்போவுக்கு அறிவிச்சிட்டன். ஏலாதவை இப்பவே கையை உயத்துங்கோ."

ஒரு கையும் உயரவில்லை.

டொலறஸ் மேனுஷாவின் முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள். "பார்க்கிங் போமைத் தா. கிழிச்சுப்போட்டு விளையாடுவம்."

மேனுஷா கஜந்தினியைப் பார்த்தாள். கஜந்தினி தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போம் ஒண்டும் இல்லை அன்ரி," என்றாள் மேனுஷா. "எட்மண்டன் கதையைக் கட்டினது நான். பார்க்கிங் கதை இவளின்ர. சந்திரகுமார் அண்ணைக்கும் கத்தரின் அன்ரிக்கும் என்ன சொல்லவேணுமெண்டு சொல்லிக் குடுத்ததும் நாங்கள்தான்."

"ஏன்?"

மேனுஷா நீட்டியிருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ரீமை விட்டுப் போனது ஒரேயொரு ஆள்தான் அன்ரி. நவம்பரில விலகல் கடிதம் குடுத்திட்டுப் போன நீங்கள்."