கொள்ளி வைக்க ஓர் இடம்

பஸ்களுக்கு ஹைட்ரஜன் வாயு தயாரிக்கும் உலையில் செங்கோட்டுவேலுக்கு அன்று தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். கரும்புச் சக்கை, தென்னை மட்டை, உமி என்று அங்கே வருகிறவற்றோடு, விறகு எரிக்கத் தடை வந்ததிலிருந்து, ஊரில் இறந்தவர்களும் வருகிறார்கள்.

மூடிய உலையின் முன்னால் கோகிலவாணி எரியும் கொள்ளியோடு நின்றாள். அவளுடைய அப்பா உள்ளே போய்விட்டிருந்தார்.

“எங்கெ வெக்கறதுங்க?”

எல்லோருக்கும் சொல்லிச் சலித்ததையே அவளுக்கும் சொன்னான். “உள்ள தீயே இல்லீங்க்கா. காத்துப் போகாத சூட்டுல வெந்து, வாயுவாகி பஸ்ஸுக்குப் போயிரும். கரி மட்டும் மிஞ்சும்.”

“அப்பறம் நான் எதுக்குங்க வந்தேன்?”

கொள்ளியின் தீ அவள் விரல்களை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் போய், உலையிலிருந்து வரும் வாயுவைச் சோதித்துப் பார்க்கும் சிறு குழாயைத் திறந்தான்.

“இதுல வெய்யுங்க.”

அவள் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள்.

“பத்திருச்சுங்களா?”

“பத்திருச்சுங்க.”

“சும்மா சொல்லாதீங்க.” பார்க்கக் கூடாதுதான்; பார்த்தாள். குழாய் முனையில் ஒன்றுமே இல்லை.

“வெளிச்சத்துல இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாதுங்க. கையக் காட்டிப் பாருங்க.”

உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோனாள்.

“சுடுது,” என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அந்தக் குழாயை மூடினால்தான் பஸ்ஸுக்கு வாயு போகும். வெளியே வாயுவுக்காகக் காத்து நின்ற பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. செங்கோட்டுவேல் அவளுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தான்.