டியூப்லைட் மை

பெஞ்சில் சொட்டியிருந்த கறுப்பைத் துடைக்கக் குனிந்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொட்டுராதீங்க டீச்சர்! பழைய டியூப்லைட் சோக்குல இருந்து ஒழுகுற எண்ணெய். விஷமாம். எங்களையே கிளவுஸ் போட்டுத்தான் கழட்டச் சொல்லியிருக்காங்க."

ஏணி மேலிருந்து எலக்ட்ரீஷியன் மரியதாஸ் சத்தம் போட்டார்.

பள்ளிக்கூடம் கட்டிய காலத்து டியூப்லைட். இரண்டாம் வகுப்பு முதல் பெஞ்சுக்கு நேர் மேலே. வருஷக்கணக்காக ஒழுகுகிறது. அதை யார் பெரிசாக எடுத்துக்கொண்டார்கள்?

காலையில் பெஞ்சில் கறுப்பாகச் சொட்டியிருக்கும். மதியத்துக்குள் காணாமல் போய்விடும். ஆயாம்மா துடைக்கிறாள் என்று இவளும் நிம்மதியாக இருந்தாள். அவள் துடைத்து இவள் ஒருநாளாவது பார்த்தாளா?

வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும்வரை அங்கேதான் வகுப்பு.

ஒருத்தி திரும்பினாள். கன்னத்தில் வட்டமாகக் கறுப்புப் பொட்டு.

பக்கத்தில் இருந்தவளுக்கும்.

பையன்களுக்கும்.

இவள் மரத்தடிக்கு விரைந்தாள்.

"யாருடி வச்சுவிட்டது?"

முதல் பெஞ்சு இலக்கியா எழுந்து பெருமையாக விரலைக் காட்டினாள். நுனியில் கறுப்பு.

"நான்தான் டீச்சர். டியூப்லைட் மை. நல்லா மினுங்குதுல்ல?"

அடிப்பாவி மகளே!

வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஏழு வயசுப் பிள்ளையை என்ன சொல்ல?

"எல்லாரும் குழாயடிக்கு ஓடுங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஒருத்தரும் வாயில கை வைக்கக் கூடாது!"

பிள்ளைகள் ஓடினார்கள். இலக்கியா மட்டும் நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"உங்க பாப்பாவுக்கும் வச்சுட்டேன் டீச்சர். கண்ணு படும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னாள்தான். காலையில் பஸ் நெரிசலில் பாப்பாவின் திருஷ்டிப் பொட்டு கலைந்துவிட்டது. 'எல்லாருமாச் சேர்ந்து எம்புள்ளையக் கண்ணு வச்சுடாதீங்க' என்று விளையாட்டாகச் சொல்லிச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது.

ஓடினாள். வழியில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

சத்துணவுக் கூடத்துத் தூளியில் பாப்பா விழித்துக் கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் காலை உதைத்தது.

இவள் அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கன்னம். அந்தக் கன்னம்.

பொட்டைக் காணோம்.

பாப்பா வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தது.