துரத்துவது யார்?

கடற்கரைச் சாலையில் செவலை என்றொரு நாய் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் அரைக்கால் சட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். துரத்துவது யாரென்று செவலை எட்டிப் பார்த்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

மறுவருஷம் ஒரு கூட்டமே ஓடியது. அதற்கடுத்த வருஷம் போலீஸ்காரர்கள் வந்து பஸ்ஸையெல்லாம் நிறுத்த, ஊரே திரண்டு ஓடியது.

செவலை டீக்கடைப் பூனையிடம் கேட்டது.

“துரத்துறது வருஷா வருஷம் பெருசாயிட்டே போகுது போல,” என்றது பூனை.

“கண்ணுல படவே மாட்டேங்குதே.”

“கடைசியா வர்றவரைத்தான் அது பிடிக்கும். அங்கே போய்ப் பாரு.”

 செவலை தயங்கித் தயங்கிப் போனது. கூட்டமெல்லாம் கடந்தபின், பருத்த மனிதர் ஒருவர் ஒரு காலை இழுத்து இழுத்துத் தனியாக வந்தார். அவரை அப்படியே விட்டுவிட அதற்கு மனம் வரவில்லை. வெறும் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் குரைத்தபடி அவர் பின்னாலேயே கடைசிவரை போனது.

அங்கே எல்லோரும் கைதட்டி, அவர் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். ஒருவழியாகத் தப்பித்துவிட்டார் என்று செவலை வாலாட்டியது.

“அடுத்த வருஷமும் வந்துடணும்,” என்றார் அவர் மனைவியிடம்.

செவலையின் வால் நின்றுவிட்டது. தப்பித்தவர் எதற்குத் திரும்பி வரவேண்டும்? ஒன்றும் புரியவில்லை. அடுத்த வருஷமும் இவருக்குப் பின்னால் தான்தான் போயாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவர் காலடியில் படுத்தது.