கில்லாடியின் நீல லாரி

இந்தக் கதையில் நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் உடனே இல்லை. கொஞ்சம் பொறுங்கள், முதலில் புகை வரும்.

புகை என்றால் சாதாரணப் புகை இல்லை. பக்கத்து மாநிலத்தில் 'கில்லாடி' வாங்கிய பழைய லாரி முந்தாநாள் தெருவுக்குள் நுழைந்ததும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எங்கோ தீ என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

கில்லாடி என்பது பட்டப்பெயர். அதைத் தனக்கு வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

கூலிக்கு ஆள் வைத்து ஓட்டிவரச் சொன்ன வண்டி. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்றால் இருமல் விடவில்லை. தூரத்தில் நின்றே கும்பிட்டுக்கொண்டார்.

புகைச் சோதனையில் தேறினால்தான் இந்த மாநிலத்து நம்பர். நம்பர் கிடைத்தால்தான் நாளை மறுநாள் காலை செங்கல் சூளையில் முதல் லோடு. தவறினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மாமா, ஒரு ராத்திரி டைம் குடுங்க. ஃபில்டரு, இன்ஜெக்டரு எல்லாம் கழட்டிப் பார்த்துடறேன்" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. அவனிடமும் ஒரு லாரி உண்டு. அதே கம்பெனி, அதே நீலம்.

"டேய் மாப்ள, கழட்டறதெல்லாம் கை வேலை. நமக்கு எதுக்குடா மூளை இருக்கு? உன் லாரியும் என் லாரியும் ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கா இல்லியா? என் நம்பர் பிளேட்டை எடுத்து உன் வண்டியில மாட்டு. அதை ஓட்டிட்டுப் போய்க் காட்டுவோம். பாஸ்! எப்படி?"

"அங்க இன்னொண்ணும் பார்ப்பாங்க மாமா..."

"பார்த்தா பார்க்கட்டும்! பொழைக்கத் தெரியாத பய. சொன்னதைச் செய்டா."

மச்சினன் ஸ்பேனர் பெட்டியைக் கையில் எடுத்தான். "சரி மாமா."

மறுநாள் காலை மச்சினன் ஓட்ட, கில்லாடி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"பிளேட்டு?"

"எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கு மாமா."

"என் வண்டி?"

"பத்திரமா இருக்கு மாமா." பெரிய கொட்டாவி ஒன்று விட்டான்.

"ரெண்டு ஸ்க்ரூவைத் திருகினதுக்கா இந்தக் கொட்டாவி? அது சரி, இது என்னடா சீட்டு, முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு? ஆனா இன்ஜின் சத்தம் பூனை மாதிரி இருக்குடா! என் வண்டியும் இருக்கே, டி.பி. வந்த எருமை!"

மச்சினன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

பதிவு அலுவலகத்தில் ஆய்வாளர் அம்மா ஒருவர் இருந்தார். ரயில் வருகையை அறிவிப்பதுபோல ஒரே சுருதியில்தான் பேசுவார். சைலன்சருக்குள் குழாயைச் சொருகினார்கள்.

"அழுத்துங்க. விடுங்க. அழுத்துங்க. விடுங்க."

பச்சைக்குழந்தை ஏப்பம் விட்ட மாதிரி துளியூண்டு புகை வந்தது.

"பாஸ்."

கில்லாடிக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் நிமிர்ந்தது. "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன் மேடம். தினமும் நானே என் கையால துடைப்பேன்."

"சந்தோஷம்." அந்த அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கம் குனிந்தார்.

"அங்க என்ன மேடம்?"

"சேசிஸ் நம்பர். பிளேட்டை யார் வேணா மாத்திடலாம். வண்டியோட எலும்புல அடிச்ச நம்பரை மாத்த முடியாது. போன வாரம் ஒருத்தர் மாட்டினார். இப்ப உள்ள இருக்கார்."

கில்லாடி சட்டென்று சக்கரத்துக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"கீழ ஒரே சேறு மேடம்."

"பரவாயில்ல."

"பூரான் இருக்கும் மேடம்."

"இருக்கட்டும்."

"அந்த நம்பரு ஒரு மாதிரி துரு ஏறி..."

"நல்லாத் தெரியுது. ஏழு... மூணு... ஒம்பது..."

நாலாவது எண் வருவதற்குள் கில்லாடி மச்சினன் பக்கம் பாய்ந்து விரலை நீட்டிவிட்டார்.

"மேடம்! இது என் வண்டியே இல்ல மேடம்! இதோ நிக்கறானே, இவன் வண்டி! பிளேட்டை மாத்தினவன் இவன்! ஐடியா குடுத்தவனும் இவன்தான்! நான் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம்!"

நீட்டிய விரல் மச்சினனின் மூக்கைத் தொடாத குறை.

ஆய்வாளர் அம்மா நிமிர்ந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி குனிந்து இரும்பைப் பார்த்தார்.

"எல்லா நம்பரும் சரியாத்தானே இருக்கு."

"சரியா இருக்காது மேடம்! நல்லாப் பாருங்க!"

"ஐயா, வண்டி உங்களுதுதான்."

"சத்தியமா என்னுது இல்ல மேடம்!"

முதல் முறையாக அந்த அம்மாவின் சுருதி பிசகியது. "அடுத்தவன் வண்டியைத் தன்னுதுன்னு சாதிக்கறவங்களை நான் தினம் பார்க்கறேன். தன் வண்டியைத் தன்னுது இல்லன்னு அழற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்." மச்சினன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க எதைத்தான் மாத்தினீங்க?"

மச்சினன் கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஃபில்டரை மேடம். விடிய விடிய இன்ஜெக்டரையும் கழுவி மாட்டினேன். பிளேட்டைத் தொடவே இல்ல. மாமா மாட்டிக்குவாரேன்னுதான்..."

கில்லாடி வாயைப் பிளந்து லாரியைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். நீட்டிய விரலை மடக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.