ஆனைச்சுவடிகளும் நொண்டி முயலும்

காட்டோரத்துப் புங்க மரத்தடியில் ஆனைச்சுவடிச் செடிகள் கூட்டமாக வளர்ந்திருந்தன. தரையோடு தரையாக இலை விரித்து, நடுவில் ஊதாப் பூவை உயர்த்திப் பிடிக்கும் செடிகள் அவை. ஒருநாள் முள் கிழித்த காலோடு ஒரு முயல் நொண்டி வந்து அவற்றின் நடுவே உட்கார்ந்தது. மறுநாளும் வந்தது. ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை.

மூத்த செடிக்கு அதுதான் உறுத்தியது. "தின்னாமல் சும்மா உட்காருகிற முயலை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? ஏதோ திட்டம் வைத்திருக்கிறான்."

"காலில் காயம் இருக்கிறதே, அக்கா" என்றது சின்னச் செடி.

"காயம்பட்டவன் இவ்வளவு அழகாகவா நொண்டுவான்?"

முயலுக்கு அது கேட்டுவிட்டது. "உங்கள் இலை குளிர்ச்சியாக இருக்கிறது. காலை வைத்தால் எரிச்சல் அடங்குகிறது. அவ்வளவுதான்" என்றது.

"அவ்வளவுதான் என்கிறவனை நம்பவே கூடாது" என்று மூத்த செடி முணுமுணுத்தது.

அதன்பின் முயல் காதை அசைத்தால்கூட, யாருக்கோ சைகை காட்டுவதாகச் செடிகளுக்குத் தோன்றியது. கடைசியில் எல்லாம் சேர்ந்து, "இனி இங்கே வராதே" என்று சொல்லிவிட்டன. முயல் வெயிலில் நொண்டிக்கொண்டே போனது.

மறுநாள் ஓர் ஆட்டுக்கிடா வந்தது. வந்ததும் மூத்த செடியின் பாதி இலைகளைப் பிடுங்கி மென்றது.

"நல்ல ருசி. மிச்சத்தை நாளைக்கு வந்து தின்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

சின்னச் செடி நடுங்கியது. மூத்த செடியோ நிம்மதியாக மூச்சு விட்டது.

"பார்த்தாயா, மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறான். இவனை நம்பலாம்."