எட்டி உட்கார்ந்தவள்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்!" காலையில் செருப்பை மாட்டும்போதே சிண்டு சொல்லிவிட்டாள்.

"விட்டுத் தள்ளேன். அவங்களுக்கு என்ன பயமோ" என்றான் கணவன்.

"மத்தவங்க மூஞ்சியைச் சுளிச்சப்போ விட்டேன்ல? கண்ணக்கா செஞ்சா பொறுக்க மாட்டேன்."

பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்கு முடி வைப்பது அவள் வேலை. அதனால்தான் சிண்டு என்று பேர். எதிர் நாற்காலியில் கண் வரைபவள் கண்ணக்கா. ஒரே டப்பாவில் சாப்பிடும் சிநேகம்.

சிண்டுவின் முழங்கையெல்லாம் சிவந்து, செதில் செதிலாக உதிர்ந்த நாட்களில் களிம்பு தடவிவிட்டவளே கண்ணக்காதான். ஊசி போட ஆரம்பித்து, தோல் தேறிவரும் நேரத்தில், போன வாரம் கண்ணக்கா திடீரென்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். முகத்தில் மாஸ்க் வேறு.

டீ நேரம். எல்லோரும் கூடியிருந்தார்கள். சிண்டு நேராக ஜன்னலை நோக்கி நடந்தாள்.

கண்ணக்கா எழுந்து பின்வாங்கினாள். "அங்கேயே நில்லு சிண்டு!"

சிண்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இது ஒட்டுவாரொட்டி இல்ல. ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு. கிருமி வந்தா அடிச்சு விரட்டறது அதோட வேலை. என் உடம்புல அதுல சிலது, கிருமியே வராதப்போ ஆள் தெரியாம என் தோலையே போட்டு அடிக்குது. அதான் சிவக்குது, உதிருது. என்னைத் தொட்டா யாருக்கும் ஒண்ணும் வராது. புரியுதா அக்கா?"

"எனக்குத் தெரியாதா? முதல் ஊசிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனதே நான்தானே."

"அப்புறம் ஏன் ஒதுங்கறீங்க?"

கண்ணக்கா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "தனியா சொல்றேனேடி..."

"வேணாம். இங்கேயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கண்ணக்கா மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரருக்குக் காசநோய். போன வாரம்தான் தெரிஞ்சுது. எனக்கும் டெஸ்ட் எடுத்திருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல. இருமல், காய்ச்சல் எதுவும் இல்ல, தாராளமா வேலைக்குப் போகலாம், யாருக்கும் பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா உனக்குப் போடற ஊசி அந்த வெள்ளை அணுக்களோட கையைக் கட்டிப் போட்டிருக்கே! ஒருவேளை என்கிட்டேருந்து உனக்கு ஏதாவது தொத்திக்கிட்டா, உள்ளே எதுத்து நிக்க ஆள் இருக்காதேடி."



பின்னால் டீ கிளாஸ்களை அவசரமாக வைக்கும் சத்தம். சிண்டு திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் கதவுப் பக்கம் நழுவினார். கண்ணக்கா பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நடுக்கூடத்தில் போட்டு உடைத்தது தான்தான் என்பது சிண்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே குரலை உயர்த்தினாள்.

"எங்கே ஓடறீங்க எல்லாரும்? அவங்க பக்கத்துல உட்கார முடியாதவ நான் ஒருத்திதான். உங்களுக்கு என்ன கேடு?"